நல்ல தண்ணிக்கு எங்க போறீக?

அக்கா,

நேற்று கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் தெரு வழியாகப் போனேன். தெரு நீளத்துக்கும் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் கால் தானாக உங்கள் வாசலில் நின்றுவிட்டது. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. வீடு பூட்டிக் கிடந்தது. இப்போதெல்லாம் அந்தத் தூரம் நடப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட அறையில் கூடும் நம் பெண்கள் கூட்டத்தில், அருப்புக்கோட்டைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களை வரவேற்பது அன்றும் இன்றும் என் வேலை. ஆரம்பத்தில் என்னிடம் மூன்று கேள்விகள்தான் இருந்தன: எந்த ஊர், வீட்டுக்காரருக்கு என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை. "போலீஸ் விசாரணை மாதிரில்ல இருக்கு, தாயி" என்பீர்கள். "மூணு தலைமுறையா இங்கனதான் தறி போடுறோம். வீட்டுல தெலுங்கு பேசுறோம்னு என்னையவே இன்னும் எந்த ஊருன்னு கேக்குறாக." நான் சிரித்துக்கொள்வேன்.

பக்கத்துத் திருச்சுழி ஆபீஸுக்கு மாற்றலாகி வந்த ஒருவரின் மனைவி ஒருநாள் வந்தாள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோசிக்கிற அளவுக்கா பெத்து வச்சிருக்கீக?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"ரெண்டு" என்றாள். பிறகு, "இல்ல, ஒண்ணு." எழுந்து வெளியே போய்விட்டாள். நீங்கள் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினீர்கள்.

திரும்பி வந்து என்னைத் தனியே கூப்பிட்டீர்கள். "சின்னது போன மாசந்தான் காய்ச்சல்ல போச்சாம். ஒண்ணுன்னு சொன்னா அதைத் தள்ளி வச்ச மாதிரி இருக்காம். ரெண்டுன்னா பொய் சொன்ன மாதிரி இருக்காம்."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி இந்த வேலையே வேண்டாம் என்றேன். "விட்டுட்டா சரியாப் போச்சா? வா, அவுக வீட்டுக்குப் போவோம்" என்று இழுத்துக்கொண்டு போனீர்கள்.

அவள் கதவைத் திறந்தாள். நான் உங்கள் பின்னால் ஒதுங்கி நின்றேன். நீங்கள் முற்றத்தில் இருந்த குடத்தைப் பார்த்தீர்கள். விளிம்பில் உப்புப் பூத்திருந்தது.

"நல்ல தண்ணிக்கு எங்க போறீக?"

"தெரியலைக்கா. வந்ததுலேருந்து இந்தத் தண்ணிதான். சோறுகூட மஞ்சளாப் போகுது."

"காலையில வாரேன். குடத்தோட நில்லுங்க."

விடியற்காலையில் ஒரு மைல் நடந்து, நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு அவளைக் கூட்டிப்போனீர்கள். ஒருநாள் இல்லை, மாதம் முழுக்க. ஒருநாள் நானும் வந்தேன். குடம் நிறைந்துகொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே, சின்னப் பிள்ளையின் பெயரைச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கும் வந்தாள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரிடமும் "நல்ல தண்ணிக்கு எங்க போறீக?" என்றுதான் கேட்டேன். இந்தக் காய்ந்த பூமியில் தண்ணீரைப் பற்றிப் பேச எந்தப் பெண்ணுக்குத்தான் கூச்சம்? கேட்ட உடனே அறை இரைச்சலாகிவிடும். எந்தக் கிணறு, எத்தனை மணிக்கு, யாரோடு போகலாம் என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். புதிதாக வந்தவள் மறுநாள் ஒருத்தியோடு துணை சேர்ந்து போவாள்.

நேற்றும் ஒருத்தி புதிதாக வந்தாள். சின்ன வயசு, வெளியூர். கேட்டேன். "வாசல்லயே பைப்பு இருக்குங்க" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அவ்வளவுதான். கிணற்றுக்கு வழி சொல்ல யாருக்கும் வேலையில்லாமல் போயிற்று. வேறு கேள்வி தேட எனக்குத் தெம்பில்லை. பாயில் நகர்ந்து இடம் விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவளே மெல்லக் கேட்டாள். "ரொம்பக் களைச்சுத் தெரியுறீங்களே, என்னம்மா ஆச்சு?"

மூன்று மாதத்தில் யாரும் கேட்கவில்லை. உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கூட்டம் கலைந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன், அக்கா. வாரா வாரம் தறியிலிருந்து எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வருவீர்கள். வந்தவர்களையெல்லாம் வரிசையாக விசாரித்த நான், அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வியை உங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை.