முத்தாயிக்குச் சொன்ன ரங்கூன் படங்கள்

1941 நவம்பர் 18, செவ்வாய். சூரமங்கலம்.

வீரபாகுவிடமிருந்து ஆறு படங்கள் வந்தன. ரங்கூனில் அவன் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஞாயிறு விடுமுறை. அன்று முதலாளியின் பெட்டிக் காமிராவை இரவல் வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுகிறான். கடிதம் எழுதச் சோம்பேறி. மகன் சௌக்கியம் என்பதற்கு எங்களுக்குக் கிடைக்கும் அத்தாட்சி இந்தப் படங்கள்தான்.

என் மனைவி முத்தாயிக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சமும் ஆள் அசைவும் தெரியும், அவ்வளவுதான். நான் பார்த்துச் சொல்ல அவள் கேட்பாள். படத்தில் இருப்பதை மட்டும் சொல்வது என்று வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவன். பார்க்காத ஊர்களைப் பற்றி அளந்தது போதும்.

நடைபாதையில் ஒரு நாவிதர் சீனாக்காரர் ஒருவருக்குக் காது குடைகிறார். சீனாக்காரர் சுகமாகக் கண்ணை மூடியிருக்கிறார். அடுத்தது, முழ நீளச் சுருட்டோடு ஒரு பர்மாக்காரி. முன்னால் மீன் கூடை.

"அவளுக்குப் புருசன் இருக்கறானுங்களா?"

"படத்துல தெரியலே."

"மீனு வித்துருச்சுங்களா?"

"தெரியலே."

"என்னதானுங்க தெரியும் உங்களுக்கு? அவன் மெனக்கெட்டு அனுப்பறான்!"

கடைசிப் படம் படகுத்துறைப் படிகள். கீழ் ஓரத்தில் ஒரு நிழல் — தலை குனிந்து, நெஞ்சுக்கு நேரே பெட்டியைப் பிடித்தபடி. அவன்தான். சொன்னேன். தன் விரலை அந்த இடத்தில் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

டிசம்பர் 9.

ஜப்பானும் யுத்தத்தில் இறங்கிவிட்டது. அட்லாஸை எடுத்து ரங்கூன் எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

டிசம்பர் 25.

ரங்கூனில் குண்டு. செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில். ஓடி ஒளியாமல் தெருவில் நின்று ஆகாயத்தை வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம் செத்ததாகப் பேப்பரில் இருக்கிறது.

வேடிக்கை பார்ப்பதுதானே என் மகனுடைய வேலை.

பக்கத்து வீட்டுக் குப்பாயி தறியிலிருந்து எழுந்து ஓடிவந்தாள். முத்தாயி கூடத்தில் இருந்தாள். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். குப்பாயி என்னை வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"எத்தன நாளைக்குங்க வாத்தியாரய்யா மறைப்பீங்க? கத்திரிக்கா வெலையில ஒரு பொய் சொல்லச் சொன்னாலே முழிக்கற ஆளு நீங்க."

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

டிசம்பர் 26.

சொல்லவில்லை.

1942 ஜனவரி 16.

"பொங்கலுக்குக்கூட அவன் படம் அனுப்பலீங்களா?"

படம் மடங்காமலிருக்க அவன் உள்ளே வைத்து அனுப்பும் அட்டை ஒன்று மேஜையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் எடுத்தேன்? "வந்திருக்கு" என்றேன்.

குடை ரிப்பேர்க்காரன் ஒருவன் மரத்தடியில் இருக்கிறான், சுற்றிலும் கம்பி கம்பியாகக் குடைகள் என்றேன்.

"கெழவனுங்களா?"

"சின்ன வயசுதான். சம்சாரம் சோறு கொண்டாந்திருக்கா."

"என்ன கொழம்பு?"

"மீன் கொழம்பு. அவனுக்குக் காரம் பத்தலே."

அவள் நெடுநேரம் சிரித்தாள். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

உண்மையைச் சொல்ல வராத வாய்க்கு இது எப்படி வந்தது?

பிப்ரவரி 8.

ஸ்டூடியோவுக்கு எழுதியதற்குப் பதில் இல்லை. தந்தி கொடுத்தேன், அதற்கும் இல்லை. தபால்காரர் பொன்னன் இப்போதெல்லாம் எங்கள் வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்.

இன்று இன்னொரு பொய்ப் படம். மழை. ரிக்ஷாக்காரன் சவாரி கிடைக்காமல் தன் வண்டிக்குள் தானே ஏறி உட்கார்ந்து தூங்குகிறான்.

"கனாக் காங்கறானுங்களா?"

"ஆமா. மகளுக்குக் காது குத்தறாப்பல."

சொல்லிவிட்டு, இல்லாத அந்தப் பெண் மீது எனக்கே பிரியம் வந்துவிட்டது. சீ! என் மகன் எங்கே கிடக்கிறானோ, நான் இங்கே கதை கட்டி ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 22.

கண் டாக்டர் பார்த்தார். வலது கண்ணில் புரை பழுத்துவிட்டது, எடுத்துவிடலாம், பார்வை வரும் என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சம்மதித்துவிட்டாள். "அவன் படத்த இனி நானே பாக்கோணுமுங்க. நீங்க சொல்லச் சொல்ல ஆசையாயிருச்சு."

வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் காட்டுவேன்? மனைவிக்குப் பார்வை வந்துவிடக் கூடாது என்று எவனாவது வேண்டிக்கொள்வானா?

வேண்டிக்கொண்டேனா? தெரியவில்லை. கோயிலில் நின்றபோது மனசில் என்ன ஓடியது என்று நிச்சயமாக எழுத முடியவில்லை.

மார்ச் 10.

ரங்கூன் விழுந்துவிட்டது.

மார்ச் 12.

ஆபரேஷன் ஆயிற்று. தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்கள். அசையக் கூடாது. இருமக் கூடாது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முக்கியமா அழக் கூடாதுங்க, அவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன். ஆறு வாரத்துக்குத் துக்கச் சேதி ஒண்ணும் காதுல போட்டுடாதீங்க" என்றார்.

மனசு லேசாயிற்று. ஆறு வாரம் நான் பேசாமலிருக்கலாம், அதுவும் டாக்டர் உத்தரவுப்படி! இதை எழுதக் கூசுகிறது.

ஏப்ரல் 17, வெள்ளி.

கண்ணாடி போட்டார்கள். சோடா பாட்டில் அடி மாதிரி தடிமன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், எட்டிப் பார்த்த குப்பாயியைப் பார்த்தாள்.

"ஏண்டி, இத்தன நரையா உனக்கு?"

"உன்ற தலைய நீ இன்னும் பாக்கலயில்ல, அதான் பேசற."

இருவரும் சிரித்தார்கள். குப்பாயி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு, "படத்தையெல்லாம் எடுங்க" என்றாள்.

இருந்ததெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். நாவிதர். சுருட்டுக்காரி. எல்லாவற்றையும் பார்த்து முடித்து, விளிம்பு சமமாகத் தட்டி அடுக்கினாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடைக்காரனை எப்போது கேட்பாள்? ரிக்ஷாக்காரனை?

கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன். "முத்தாயி, அந்தக் குடைக்காரன் படம்—"

"அப்படியொரு படமே இல்லீங்க, தெரியுமுங்க."

"எப்படி?"

"முன்னெல்லாம் எதக் கேட்டாலும் தெரியலேம்பீங்க. தையில இருந்து எதக் கேட்டாலும் பதில் வந்துச்சு. மீன் கொழம்புல காரம் பத்தலேன்னீங்களே, எந்தக் காமிராவுலீங்க அது தெரியும்?"

"ஏன் கேக்கலே?"

"கேட்டா நீங்க நெசத்தச் சொல்லிப் போடுவீங்களே."

அவள் என் முகத்தையே அந்தத் தடித்த கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெரிதாகத் தெரிந்தது அவள் கண்.

"உசுரோட இருக்கறானுங்களா?"

"தெரியாது முத்தாயி. குண்டு போட்டதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்லே."

அடுக்கிய படங்களை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "டாக்டரு அழுவக் கூடாதுன்னாரே, அது எப்ப வரைக்குமுங்க?"

"அடுத்த வியாழன்."

"சரிங்க."

மே 9, சனி.

பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே தப்பி வந்தவர்கள் மெட்ராஸிலிருந்து ரயிலில் வருகிறார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் போகிறவர்கள், மலையாளம் போகிறவர்கள். ஜங்ஷன் இங்கே பக்கந்தான். பத்து நாளாகத் தினமும் போகிறோம். அவள் ஜன்னல் ஜன்னலாக, "ரங்கூனுங்களா? போட்டோப் புடிக்கற வீரபாகுவத் தெரியுமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போவாள். நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுவிடுவேன். யாராவது "தெரியும்" என்று சொல்லிவிட்டால்? அதற்கு மேல் என்ன சொல்வார்களோ என்று கால் நகர்வதில்லை.

இன்று பார்த்ததை வரும் வழியில் சொன்னாள். காலில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்த ஒருவர், கொடுத்த இட்லியைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு பெண் ரங்கூனில் பூட்டிவிட்டு வந்த வீட்டுச் சாவியைக் கழுத்தில் போட்டிருந்தாளாம். வீரபாகுவை யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் சொன்ன கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அவள் இன்னும் அழவில்லை.

வீட்டு வாசலில் நின்று, "ஒருத்தியா எத்தன பொட்டிதானுங்க பாக்கறது? வண்டி கெளம்பிப் போயிருது. நாளைக்கு எஞ்சின் பக்கம் நான் பாக்கறேன். கடைசில கார்டு பொட்டிப் பக்கம் நீங்க பாருங்க" என்றாள்.

சரி என்றேன். நாளைக்கென்று என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.