முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பு

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் 'ம்' என்று ஒற்றை எழுத்தில் பதில் போடுவாய். அதனால் கேட்கவில்லை. நீ வெளிநாட்டிலிருந்து போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. எழுத்தில் நான் கொஞ்சம் நல்லவள்.

இந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்குக் கோடிங் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். யார்? டிவி ரிமோட்டைத் தலைகீழாகப் பிடிக்கிற உன் அக்கா! முப்பத்தாறு பிள்ளைகள், நாலு கம்ப்யூட்டர், அதில் இரண்டுக்கு உயிர் இல்லை. அதனால் காகிதத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். "நான்தான் மெஷின். எனக்குக் கண்ணு கிடையாது, சொந்தப் புத்தி கிடையாது. நீங்க சொல்றத மட்டும்தான் செய்வேன். என்னைத் தண்ணி குடிக்க வைங்க பார்ப்போம்" என்றேன். "பாட்டிலைத் தூக்குங்க, வாயில ஊத்துங்க!" என்று கத்தினார்கள். மூடியைத் திறக்க யாரும் சொல்லவில்லையே! மூடியோடு கவிழ்த்துக்கொண்டு நின்றேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் நடக்கிற ஏதாவது ஒரு வேலைக்குக் கட்டளை எழுதி வரச் சொன்னேன். எல்லோரும் பல் தேய்ப்பதை எழுதினார்கள். பாதிப் பேர் பிரஷ்ஷையே எடுக்கவில்லை. உன் மகள் மிளகு எழுதியதைப் பார்த்துத்தான் அசந்துபோனேன். அப்படியே தருகிறேன்:

"கட்டில்ல இருந்து இறங்கு. ஆறு அடி நட. கையை நீட்டு. சில்லுனு இருந்தா பிரிட்ஜ். இல்லன்னா இடது பக்கம் ஒரு அடி போ. ரப்பர் பேண்ட் போட்ட பாட்டில் தண்ணி. போடாதது மருந்து, குடிக்காதே. டம்ளருக்குள்ள விரலை வை. விரல் நனைஞ்சா ஊத்துறத நிறுத்து. போன் அடிச்சா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பு. கால்ல ஒரு தட்டு தட்டினா சிரி. ரெண்டு தட்டினா ஆமான்னு சொல்லு."

மெஷினுக்குக் கண் கிடையாது என்றதை இவள் ஒருத்திதான் பிடித்துக்கொண்டாள்! உன் ரத்தமல்லவா? வகுப்பின் முன்னால் வாசிக்க வைத்து, எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். சிரிக்கிற மெஷின் எதற்கு என்றுதான் புரியவில்லை.

பள்ளியில் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறாள். 'அத்தை' வாயில் வருவதில்லை. யார் சொல்லிக்கொடுத்ததோ! உன் மனைவியைக் குறை சொன்னால் உனக்கு மூக்கு விடைக்கும். ஆனாலும் என் மகள் கல்யாணத்தில் நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்க, அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போனதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். பத்து மாதமாயிற்று. இரண்டு தெரு தள்ளி இருந்தும் அந்த வாசல் மிதிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதத்தை ஆபீஸில் படித்தேன். முதலில் பெருமையில் தலைகால் புரியவில்லை. பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டு, என் மகள் எழுதிய முதல் ப்ரோகிராம் என்று அவர் மொழியில் வரிவரியாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவர் பாதியில் சிரிப்பை நிறுத்தினார். "இது யாருக்காக எழுதினது?" என்றார்.

அடுத்தவர் எழுதிய ப்ரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பதுதான் பதினைந்து வருஷமாக என் பிழைப்பு. திரும்பப் படித்தேன். அக்கா, இதில் 'பார்' என்ற சொல்லே இல்லை. டம்ளருக்குள் விரல் விட வேண்டும் என்று எட்டு வயசுக்கு எப்படித் தோன்றும்? யாரோ தினமும் செய்கிறார்கள். அவள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

நான் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருப்பாள். வெளிச்சத்துக்காக என்று நினைத்திருந்தேன். மிளகு எப்போதும் அவள் காலோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள்.

நேற்று நெற்றியில் பெரிய பிளாஸ்டர் ஒன்றை ஒட்டிக்கொண்டு கூப்பிட்டேன். "சாப்பிட்டீங்களா?" என்று சிரித்தாள். நான் வாயே திறக்கவில்லை. மிளகு அவள் காதில் ஏதோ சொன்னாள். அதன் பிறகுதான், "ஐயய்யோ, நெத்தியில என்னங்க காயம்?" என்று பதறினாள். பதறிய முகம் என்னைப் பார்க்கவில்லை.

இடித்துக்கொண்டேன் என்று ஏதோ உளறிவிட்டுப் போனை வைத்தேன்.

அவளிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். உன் ரோஷத்தை ஒரு நாள் மூட்டை கட்டி வை. போய்ப் பார்.

தம்பி

ஜூன் 12

தம்பி,

போனேன். உட்கார்ந்துகொண்டு படி.

பள்ளி விட்டதும் மிளகின் பின்னாலேயே போனேன். கதவைத் திறந்தது உன் மனைவி. நான் பேசவில்லை. ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். "யாரு?" என்றாள். என் முகத்துக்கு நேரே இன்னொரு தடவை, "யாருங்க?" என்றாள். "நான்தாம்மா" என்றதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணியா?"

வலது கண் முழுதும் போய்விட்டது. இடது கண்ணில் ஏதோ கொஞ்சம் மிச்சம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டதாம். நீ கிளம்பிப் போன மூன்றாம் மாதமே டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆபரேஷனுக்கு ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டி வரச் சொன்னாராம்.

"அவர்கிட்ட சொன்னா அன்னைக்கே வேலையை விட்டுட்டு வந்துருவாரு. வேற யாரைக் கூப்பிடுவேன் அண்ணி? கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க பேசவே இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன்னும் தெரியல" என்றாள்.

நான் கை நீட்டி நின்றதே அவளுக்குத் தெரியாது, தம்பி. திமிர் பிடித்தவள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேனே! என் நாக்கை என்ன செய்தால் தகும்?

வீட்டுச் சுவரெல்லாம் இடுப்பு உயரத்தில் ஒரே கைத்தடம். கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் பூட்டிய டப்பாவில். மிளகு ஸ்டூல் போட்டு ஏறி அடுப்பு பற்றவைக்கிறாள். இவளுக்குத்தான் நான் கைதட்டச் சொன்னேன்.

மூலையில் நின்று தேம்பினாள். "நான் யார்கிட்டயும் சொல்லல அத்தை. சத்தியமா சொல்லல. எழுதத்தான் செஞ்சேன்."

வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். காலையில் ஆஸ்பத்திரி. "அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். நான் சரி என்று சொல்லவில்லை. நீ கோபப்படுவதானால் என்மேல் படு.

அக்கா

ஜூன் 14

அக்கா,

உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். இரண்டே இரண்டு தெரு! இதை நாலு பக்கத்துக்கு எழுத உட்கார்ந்தேன். நான் எத்தனை தெரு தள்ளி இருக்கிறேன் என்று தோன்றியதும் விரல் நின்றுவிட்டது. பதினான்கு மாதம் தினமும் அந்த முகத்தைப் பார்த்துத்தானே பேசினேன்.

இன்று அவளைக் கூப்பிட்டு எல்லாம் தெரியும் என்றேன். கத்தவும் செய்தேன். "ஏன் சொல்லல? நான் உனக்கு யாரு?" அவள் அழவில்லை. டாக்டர் நேற்றுச் சொன்னதைச் சொன்னாள். போனது வராதாம். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாமாம். வியாழக்கிழமை ஆபரேஷன்.

திடீரென்று, "இப்ப எப்படி இருக்கீங்க? மீசை இருக்கா?" என்றாள்.

நான் என்னைச் சொன்னேன், அக்கா. மீசையை எடுத்துவிட்டேன், முன்பக்கம் நரைத்துவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது, கண்ணாடி மாற்றியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். "கிட்ட வந்தா இன்னும் கொஞ்சம் தெரியும்ங்க" என்றாள்.

"எவ்ளோ கிட்ட?"

"ஒரு சாண்."

டிக்கெட் போட்டுவிட்டேன். அந்த ஒரு சாண் தூரத்துக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும். அதுவரை நீ அங்கேயே இரு.

உன் தம்பி