எலும்பு பிடிக்கும் வரை

ஆனி 26, செவ்வாய்

வெயில். பிள்ளையாருக்கு விளக்கு, ஏழரை பஸ், வில்லியனூர். பல் டாக்டர். புதுப் பல்லுக்குத் திருகு வைத்தாயிற்று.

வலது கீழ்க் கடைவாய். பதினாலு வருடம் முன்பு பல் பிடுங்கிய இடம். டாக்டர் சின்னப் பெண், என் மகள் சுமதி வயதுதான். எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார். "பல்லு போன இடத்துல எலும்புக்கு வேலை இல்லம்மா. வேலை இல்லன்னா கரைஞ்சிடும். உங்களுக்கு உயரம் கொஞ்சந்தான் மிச்சம், கீழ நரம்பு ஓடுது. அதனால குட்டையா, அகலமா ஒண்ணு போடறேன். இது பிடிக்கலன்னா இன்னொண்ணு வைக்க அங்க எலும்பு இருக்காது."

ஒரே தடவைதான்.

மாதிரித் திருகு ஒன்றைக் கையில் கொடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவு. சுற்றி மரை, மேலே நெருக்கமாக, கீழே அகலமாக. ஏன் என்று கேட்டேன். எலும்பு மேலே கெட்டி, உள்ளே பஞ்சு மாதிரி. கெட்டியில் சின்ன மரை போதும், பஞ்சில் ஆழமாகப் பதிய வேண்டுமாம். தடவினால் சொரசொரப்பு. மொழுமொழுவென்று இருந்தால் எலும்பு ஒட்டாதாம். அம்மி கொத்துகிற விஷயம்தான்.

துளை போடும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே, நிறுத்தி நிறுத்தி. சூடானால் எலும்பு செத்துவிடும். திருகு சாய்ந்தால் பாரம் ஒரே பக்கம் விழும்.

கடைசியில் பேனா மாதிரி ஒரு கருவி. திருகைத் தொடாமல் பக்கத்தில் பிடித்தார். கீச். நூற்றுக்கு 68. "நல்ல பிடிப்பு. மூணு மாசம் அந்தப் பக்கம் எதுவும் படக்கூடாது. முடி அளவு ஆடினாலும் எலும்பு வராது, சதை வந்து சுத்திக்கும்."

மேலே சின்ன உலோக மூடி. நாக்குக்கு ஜில்லென்று இருக்கிறது.

கூட யாரும் வரலையா என்று நர்ஸ் கேட்டாள். வெளியில் நிற்கிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன், தெரியவில்லை.

ஆனி 29

நோட்டில் கோடு போட்டேன். நாள், சாப்பிட்டது, பக்கம், வலி.

நாள் 4. காலை இட்லி 2, இடது. மதியம் குழைந்த சோறு, ரசம், இடது. வலி பத்துக்கு மூன்று.

எழுதும்போதுதான் தெரிந்தது, இரண்டு வருடமாக இதையேதான் சாப்பிடுகிறேன். ஒருத்திக்கு ரசம் போதும்.

சுமதி போன், கோயம்புத்தூரிலிருந்து. "வலிக்குதாம்மா?" இல்லை. "மாத்திரை போட்டியா?" போட்டேன். "சரிம்மா, மீட்டிங் இருக்கு." இரண்டு நிமிடம் பத்து நொடி.

ஆடி 9

காற்று. கொடியில் போட்ட புடவை பக்கத்து விஜயா வூட்டுக் கூரையில்.

எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "இன்னாக்கா, கிருத்திகைக்கு இந்த வருசமும் அலகா?"

ஆமாம் என்றேன்.

"ஆளே பூட்டாரு. இன்னும் யாருக்குக்கா குத்திக்கற?"

புடவையை மடித்தேன். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டபோது முருகனிடம் வேண்டியது பதினோரு வருடம். கன்னத்தில் வேல் கம்பி. ஒன்பதாவது வருடம் அவர் போய்விட்டார். பத்தாவதும் குத்தினேன். இது கடைசி. அவர் போனாலும் சொன்ன சொல் பாக்கிதானே.

ஆனால் கம்பி வலது கன்னத்தில் நுழைந்து வாய்க்குள் படுத்து இடதில் வெளிவரும். படக்கூடாது என்றது அந்த இடத்தில்தான்.

டாக்டருக்குப் போன் செய்யலாமா? வேண்டாமென்றுதான் சொல்வார். அதனால் கேட்கவில்லை.

ஆடி 24, கிருத்திகை

நாலு மணிக்குக் குளியல். மஞ்சள் புடவை. பட்டினி.

பூசாரியிடம் கொஞ்சம் முன்னால் தள்ளிக் குத்தச் சொன்னேன். "பழைய எடத்துலதாம்மா போவும், கம்முனு நில்லு" என்றார். விபூதி அடைத்தார், குத்தினார். வலி இல்லை. எந்த வருடமும் இல்லை.

முன்பெல்லாம் இவர் சொம்பில் தண்ணீரோடு என் பின்னால் வருவார். இன்று விஜயா வந்தாள், கூப்பிடாமலே. "நவுறுங்கப்பா, யக்காவ இடிக்காதீங்க" என்று வழி நெடுகக் கத்திக்கொண்டு. போன மாதம் தன்னோடு சண்டை போட்டவனையெல்லாம் சேர்த்து விரட்டினாள்.

கோயில் திருப்பத்தில் கூட்டம் தள்ளியது. கம்பி மூடியில் மோதியது. டிக். மண்டைக்குள் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

கம்பியை எடுத்து விபூதி வைத்தார்கள். இரத்தம் இல்லை, கன்னம் மூடிக்கொண்டது. சதை பொறுத்துக்கொள்ளும். எலும்பு?

அலகோடு மூன்று மணி நேரம் பேசவில்லை. மற்ற நாளும் அவ்வளவுதான் பேசுகிறேன்.

ஆடி 26

வில்லியனூர். கீச். 57.

பதினொன்று குறைவு.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "நாலாவது வாரம் குறையும்மா, வழக்கம்தான். முதல்ல இறுக்கிப் பிடிச்ச பழைய எலும்பு கரையும், புதுசு இன்னும் முழுசா வந்திருக்காது. ஆனா இது கொஞ்சம் ஜாஸ்தி. எதையாவது கடிச்சீங்களா?"

இல்லை என்றேன்.

கடிக்கவில்லை, உண்மைதான். ஆனாலும் பொய்தான். நேர்த்தி முடித்து இரண்டாம் நாள்.

ஆவணி 12

நாள் 50. கஞ்சி. இடது. வலி 0.

வலி இல்லாததும் பயமாக இருக்கிறது. ஆடினாலும் வலிக்காதோ? நாக்கு அங்கேயே போகிறது. தொடாதே என்றால் தொடத்தான் போகிறது. வேறு போக இடமும் இல்லை.

முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் பதினோரு வருடம் ஆகும்.

புரட்டாசி 25, வியாழன்

தூறல். பஸ் தாமதம்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். அலகு, கம்பி, டிக், எல்லாம். நர்ஸ் கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றாள்.

டாக்டர் என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார். "எங்க குத்தினாங்க? ஒண்ணுமே தெரியலையே." பிறகு கோபம். "அன்னைக்கே சொல்லியிருந்தா வாரா வாரம் பார்த்திருப்பேன். இத்தனை நாள் தனியா பயந்துகினு இருந்தீங்களா?"

இருந்தேன்.

"வீட்ல யாரும் இல்லையா? அன்னைக்கு வெளியில நிக்கறார்னு நர்ஸ் சொன்னாங்களே."

அதையும் சொன்னேன். இரண்டு வருடமாக இல்லை.

டாக்டர் கருவியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டேன்.

கீச்.

இன்னொரு பக்கமிருந்து இன்னொரு தடவை. கீச்.

"73. ரெண்டு பக்கமும். பிடிச்சிடுச்சும்மா."

அழுகை வந்தது. வாய் திறந்தபடி அழுவது கஷ்டம்.

ஐப்பசி 13

மழை. பல் மாட்டியாயிற்று. அச்சு அசல் பல். திருகு வெளியில் தெரியாது.

டாக்டர்: "இனிமே சும்மா வெச்சாதான் தப்பு. பாரம் விழுந்தாதான் எலும்பு நிக்கும். முதல்ல மெத்துனு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கெட்டியா. ரசம் சோறு மட்டும் சாப்பிட்டீங்க, நானே வந்து திட்டுவேன்."

ஐப்பசி 29

நாள் 128. கத்திரிக்காய் கூட்டு, வலது. குழையாத சோறு, வலது. பயம் பத்துக்கு நான்கு. வலி என்ற தலைப்பை அடித்துவிட்டு அப்படி எழுதியிருக்கிறேன்.

இன்று வேர்க்கடலை வறுத்தேன். கை பழக்கத்தில் இரண்டு பேர் அளவு. ஒருத்திக்கு வறுக்கத் தெரியவில்லை. விஜயாவைக் கூப்பிட்டேன். தலையில் முந்தானை போட்டுக்கொண்டு மழையில் ஓடி வந்தாள். "இன்னாக்கா விசேசம்?"

பல்லுக்கு வேலை கொடுக்கணுமாம் என்றேன்.

ஒன்றை வலது பக்கம் வைத்துக் கடித்தேன். மண்டைக்குள் சத்தம். அப்படியே நிறுத்திவிட்டேன்.

"இன்னா, கல்லா?"

"இல்லடி. கடலைதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு முழிச்சிகினு இருக்க? மெல்லு."

மென்றேன்.