நீங்கள் கேட்ட அந்த ஒரு பிஸ்கட்

முப்பத்தோரு வருஷமாக என் பாசத்துக்கும் ஏச்சுக்கும் ஒரே சொந்தக்காரரான என் வீட்டுக்காரருக்கு,

இன்று டிசம்பர் இருபத்து நான்கு, மத்தியானம் மூன்று மணி. நம் வீட்டு வெண்ணெய் வாசனை வாசல் கேட் வரைக்கும் போகிறது. போகட்டும் என்றுதான் ஜன்னலை எல்லாம் திறந்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் பலகாரம் ஆகிறது என்று சூரமங்கலம் முழுக்கத் தெரியட்டும்.

நீங்கள் போய் நாலு மாதம்தான் ஆகிறது. துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. முறுக்கு கிடையாது, அதிரசம் கிடையாது, கல்கல் கிடையாது. மற்றவர்கள் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அப்பா தவறிய வருஷம் நாமும் அப்படித்தான் இருந்தோம். அப்போது பக்கத்தில் நீங்கள் இருந்ததால் எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்கள் அக்கா லூர்து அண்ணி அஸ்தம்பட்டியிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஸ்டெல்லா, இந்த வருஷம் நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். முறுக்கு நான் கொண்டாரேன். நீ சும்மா உக்காந்திரு சாமி."

"சும்மா உக்காந்து என்ன பண்ணட்டுங்க அண்ணி?"

"செபமாலை சொல்லு. எண்ணெய்ச் சட்டிய மட்டும் அடுப்புல ஏத்திராத. தெரு பேசும்."

சரிங்க என்று தலையை ஆட்டினேன். ஆனால் அவர் போனபிறகு எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்தத் தெருவில் முதல் தட்டு நம் வீட்டிலிருந்துதான் கிளம்பும். நீங்கள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு தட்டோடு முன்னால் போவீர்கள், நான் பின்னால் வருவேன். இந்த வருஷம் எல்லாத் தட்டும் என்னைத் தேடி வரும். தட்டோடு சேர்த்து, "பாவம், தனியா ஆயிட்டாங்க" என்ற பேச்சும் வரும். முறுக்கை வாங்கிக்கொள்வேன். அந்தப் பேச்சை வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை.

இதற்கு உள்ளே இன்னொன்று இருக்கிறது. அதை ரீனாவிடம்கூட நான் சொன்னதில்லை. பெற்ற மகளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? வழக்கம்போல கிரீன் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை ஏறிவிட்டது, பாலில்லாமல் இதைக் குடிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இரண்டு வருஷமாக நம் வீட்டில் நடந்த சண்டை அது. வேப்பிலையைக் கழுவின தண்ணீர் என்பீர்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிடுவீர்கள். அந்தச் செடிக்குச் சர்க்கரை வியாதி வராது, அது நிச்சயம்.

அன்றைக்கு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு பிஸ்கட் குடேன்" என்றீர்கள். இல்லை என்றேன். "ஒண்ணே ஒண்ணுதான் ஸ்டெல்லா." "வாயைக் கட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தேன். நீங்கள் சிரித்தபடி டீயைக் குடித்தீர்கள். அன்றைக்கு மட்டும் முழுவதும் குடித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பப் போனால் நீங்கள் இல்லை.

கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை பார்த்த காலமெல்லாம் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, பிஸ்கட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன மனுஷன். அவருக்கு ஒரு பிஸ்கட் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே என்று நாலு மாதமாக வெந்துகொண்டிருந்தேன். சமையலறை டப்பாவில் உங்கள் கிரீன் டீ பாக்கெட்டுகள் அப்படியே இருந்தன. பார்க்கும்போதெல்லாம் டப்பாவை மூடி வைத்தேன். தூக்கிப் போடவும் கை வரவில்லை.

இன்று காலையில்தான் அந்த யோசனை வந்தது. அண்ணி சொன்னது எண்ணெய்ச் சட்டி. ரீனா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கேக் சுடும் ஓவன் ஒன்று, மூன்று வருஷமாக என் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் சும்மா கிடக்கிறதே, அதில் எண்ணெயும் இல்லை, சட்டியும் இல்லை. வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? இந்தப் பாழாய்ப்போன கிரீன் டீயை வைத்தே பிஸ்கட் சுடுவது என்று முடிவு செய்து துணியை எடுத்தேன். கதவைத் திறந்தேன்.

உள்ளே மூன்று பிஸ்கட் பாக்கெட்.

திருட்டு மனுஷா. நான் திறக்கவே மாட்டேன் என்று தெரிந்து, சரியான இடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறீர்கள். இரண்டு பிரிக்காதது. மூன்றாவது பாதி தீர்ந்து, வாயில் நீலநிறத் துணி கிளிப் மாட்டியிருந்தது. அந்த கிளிப்பை நான் அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமைதான் ஜங்ஷன் பக்கத்தில் வாங்கினேன். ஒன்று குறைகிறதே என்று வெள்ளிக்கிழமை தேடினேன். நீங்களும் கூடவே கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினீர்கள். என்ன நடிப்பு.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகை வந்தது. பத்தடி தூரத்தில் பாதிப் பாக்கெட் இருக்கும்போது அந்தச் சாயங்காலம் என்னிடம் ஏன் கேட்டீர்கள்? சொல்லுங்கள். ஏன் கேட்டீர்கள்?

எழுந்து வேலையைப் பார்த்தேன்.

டீப் பைகளைக் கத்தரியால் வெட்டி, இலையைச் சின்ன ஜாரில் போட்டு அரைத்துச் சலித்தேன். முந்தாநாள் ரசத்துக்கு மிளகு பூண்டு தட்டிய ஜார் அது. முதல் தட்டு பிஸ்கட் சளிக்குக் கொடுக்கலாம் போல வந்தது. பிறகு கொஞ்சம் பச்சரிசியை ஜாரில் ஓட்டி வாசனையைப் போக்கிவிட்டு, மறுபடியும் ஆரம்பித்தேன். வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் நுரைக்க நுரைக்கக் குழைத்து, மைதாவும் டீத் தூளும் சேர்த்துப் பிசைந்து, அரைமணி நேரம் பிரிட்ஜில் வைத்தேன். அச்சு இல்லை. கல்கல் மாவை வரிவரியாக உருட்ட வருஷா வருஷம் ஒரு புதுச் சீப்பு வாங்குவோமே, இந்த வருஷமும் பழக்கத்தில் வாங்கிவிட்டிருந்தேன். அதை ஒவ்வொன்றின் மேலும் அழுத்திக் கோடு போட்டேன். ரீனா அனுப்பிய வீடியோவில் கிளிப்பச்சையாக வருகிறது. எனக்குக் காய்ந்த மருதாணிப் பொடி நிறத்தில் வந்தது. வரட்டும்.

வாசனை பிடித்து முதலில் வந்தது பக்கத்து வீட்டு ஈஸ்வரி. திருச்செங்கோட்டுக்காரி, தறிக்காரர் வீட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.

"ஏனுங்கக்கா, ஊடே கமகமங்குது. என்னங்க பண்றீங்க?"

ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மென்றாள், முகத்தைச் சுளித்தாள். "இனிச்சுட்டுக் கசக்குதுங்க." அடுத்து, "இன்னொண்ணு குடுங்க" என்றாள்.

அவள் போன கையோடு லூர்து அண்ணி முறுக்குத் தூக்குடன் உள்ளே வந்தார். மேசை நிறைய பிஸ்கட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்ன ஸ்டெல்லா இது? எந்தம்பி போயி நாலு மாசம் முழுசா ஆகல."

"சட்டி வெக்கலீங்க அண்ணி. ஒரு சொட்டு எண்ணெய் தொடல."

"வாய்க்கு வாய் பேசாத. மனசுல துக்கம் இருக்கறவ செய்யற வேலையா இது?"

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. சனிக்கிழமை நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். கேட்டார், நான் கொடுக்கவில்லை, இப்போது கொடுக்கிறேன், தெருவுக்கே கொடுக்கப் போகிறேன், யார் தடுத்தாலும் கொடுப்பேன் என்று கத்தினேன். ஓவனைத் திறந்தபோது கிடைத்த மூன்று பாக்கெட்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அண்ணி அதைப் பார்த்தார். முறுக்குத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது நான் வாங்கிக் குடுத்தது" என்றார்.

மாதாமாதம் முதல் வெள்ளிப் பூசை முடிந்து அக்கா வருகிறாள் என்றால் நீங்கள் ஏன் அப்படித் துள்ளினீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. செபப் புத்தகப் பையில் வந்திருக்கிறது சரக்கு.

"டாக்டரு வேண்டாம்னாரு. நீயும் வேண்டாம்ன. நாந்தான் கேக்காமக் குடுத்தேன். நான் குடுத்துத்தான் போயிட்டானோன்னு இருக்குது சாமி. நாலு மாசமா பூசையில நன்மை அப்பம் வாங்கக்கூட நான் எந்திரிச்சுப் போகல."

பார்த்தீர்களா நீங்கள் செய்த வேலையை? கொடுக்கவில்லை என்று நான் ஒரு பக்கம் அழுகிறேன், கொடுத்துவிட்டேன் என்று உங்கள் அக்கா ஒரு பக்கம் அழுகிறார். நீங்கள் என்னவோ இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டீர்கள்.

"நெஞ்சு நின்னுதான் போனாருன்னு டாக்டரே சொன்னாருங்க. பிஸ்கட்டு தின்னாலும் நிக்கும், தின்னாட்டியும் நிக்கும். இனிமே நீங்களும் அழ வேண்டாம், நானும் அழ மாட்டேன்" என்றேன். சொல்லும்போது அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அண்ணி ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். ரொம்ப நேரம் மென்றார்.

"கசக்குது. அவன் தொட்டிருக்க மாட்டான்."

"தெரியுமுங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தட்டு கிளம்புகிறது. உங்கள் அக்கா முகம் கழுவிக்கொண்டு தயாராக நிற்கிறார். "நான் முன்னால போறேன். எவளாச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா நீ மட்டும் எண்ணெய்ச் சட்டி ஏத்தியிருந்தீன்னா வந்திருக்கவே மாட்டேன், பாத்துக்க" என்று இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் நம் வீட்டுத் தட்டை நீட்டுவேன். பாவம் என்று யாராவது ஆரம்பித்தால், அவர்கள் கையில் இரண்டு பிஸ்கட்டாக வைப்பேன். வாய் நிறைந்திருந்தால் பேச முடியாது.

நாளைக் காலை பூசை முடிந்ததும் கல்லறைக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட அந்த ஒன்றை, இருப்பதில் நல்லதாகப் பார்த்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பாக்கெட் பக்கத்திலேயே இருந்தும் என் கையால் ஒன்று வேண்டும் என்றுதானே கேட்டீர்கள்? வேறென்னவாக இருக்க முடியும்? இனி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் கையாலேயே உங்களுக்கு ஒன்று வரும். இது சத்தியம். எப்போதும் கிரீன் டீ பிஸ்கட்தான். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்து சொல்லுங்கள்.

இன்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
ஸ்டெல்லா