சொல்ல வந்தவள்

மார்ச் 3, திங்கள்

வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். வாண்டை அத்தையிடம் விட்டுவிட்டுப் போகிறேன். எட்டு மாதப் பிள்ளை, அம்மா இல்லாமல் என்ன செய்யும்? மதியத்துக்குள் நான்கு தடவை போன் செய்துவிட்டேன். நான்காவது தடவை அத்தை, "உன் பிள்ளை தூங்குது. உன் போன் சத்தத்துல முழிச்சா, நீயே வந்து தூங்க வை" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் இவர், "உன் நம்பரை எப்படி பிளாக் பண்றதுன்னு அம்மா என்கிட்ட கேக்கறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரசவ விடுப்புக்கு முன்புவரை வார்டில் நர்ஸ். இந்த வருடம் நர்சிங் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் வார்டில் பயிற்சி எடுக்கும் மாணவிகள் என் பொறுப்பு. வருடக் கடைசியில்தான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்களாம். இதெல்லாம் எனக்குத் தேவையா?

மார்ச் 6, வியாழன்

ஊசி போட்டுப் பழகும் ரப்பர் பொம்மை வகுப்பு. முடிந்ததும் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

"பொம்மைக்குப் போர்வையைப் போத்திட்டுப் போங்க."

ஒருத்தி நின்றாள். சிட்டு என்று கூப்பிடுகிறார்கள், கேள்வி கேட்காமல் இருக்க முடியாதவள். "மிஸ், பொம்மைக்குக் குளிருமா?"

"பொம்மைக்குக் குளிராது. உன் கைக்குப் பழகணும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது, இது என் வார்த்தை இல்லை. எங்களுக்குப் பாடம் எடுத்த பெரிய மிஸ்ஸின் வார்த்தை. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. என் வாயில் மட்டும் இன்னும் குடியிருக்கிறார்.

மார்ச் 8, சனி

வாண்டுக்கு மூக்கடைப்பு. நாளெல்லாம் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்ததெல்லாம் எங்கே போனது?

மார்ச் 11, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வார்டில் நான்காம் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் சார்ஜர் சொருக இடம் இருக்கிறது. ஐந்தாம் கட்டில் அம்மாவின் போன் அணைந்துவிட்டது. நான்காம் கட்டில் அம்மா நல்ல மனசுக்காரி, "இங்க வந்துக்கோங்கக்கா" என்றிருக்கிறாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டில் மாறிக்கொண்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. மருந்து நேரத்துக்குப் போன சிட்டு, நான்காம் கட்டிலில் தொங்கிய சீட்டைப் பார்த்து, நான்காம் கட்டிலில் கிடந்த குழந்தைக்கு ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிட்டாள். கூட நிற்க வேண்டிய நர்ஸ், வேறொரு பிள்ளை வாந்தி எடுக்கிறது என்று ஓடியிருந்தாள். பெயர்ப்பட்டை குழந்தையின் காலில்தான் இருந்தது. சாக்ஸுக்குள்.

மருந்து போட்ட பிறகு, நழுவிய சாக்ஸைச் சரிசெய்யும்போதுதான் சிட்டு பட்டையைப் பார்த்திருக்கிறாள். நேராக என்னிடம் வந்தாள்.

"மிஸ், வேற பிள்ளைக்குப் போட்டுட்டேன்."

உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். டாக்டர் ஓடி வந்தார். ஒவ்வாமை எதுவும் தெரியவில்லை, ஒரு நாள் கவனித்தால் போதும் என்றார்.

அந்தக் குழந்தைக்கும் எட்டு மாதம்.

சிட்டுவிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். ஒரு சாக்ஸு. அதை விலக்கிப் பாக்க முடியலையா உனக்கு? என் பிள்ளையா இருந்தா —

மதியம் பிரின்சிபால் கூப்பிட்டார். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. அம்மாகிட்ட, சும்மா கவனிப்புல வெச்சிருக்கோம்னு சொன்னாப் போதும். அந்தப் பொண்ணைப் படிப்பை விட்டு அனுப்பிடலாம். நீங்களும் வார்டு சிஸ்டரும் கையெழுத்துப் போட்டுட்டா விஷயம் முடிஞ்சுது."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஏன் அங்கேயே போடவில்லை? கோபம்தான் இருந்ததே.

இவரிடம் சொன்னேன். "அனுப்பிடு. நம்ம பிள்ளைன்னா நீ விட்டுருவியா?" என்றார்.

விடமாட்டேன். அதுதானே பிரச்சினை.

ஆனால் ஒன்று. அவள் பேசாமல் சாக்ஸை இழுத்து விட்டுவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. செய்ததால் மாட்டவில்லை, சொன்னதால் மாட்டினாள். அவளை அனுப்பினால் மற்றவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? சாக்ஸை விலக்கிப் பார்க்கவா, இழுத்து விடவா?

மார்ச் 12, புதன்

வார்டு சிஸ்டருக்கு மாணவிகள் வைத்திருக்கும் பெயர் கர்ஃப்யூ. அவர் வந்தால் தெருவே அடங்கும். காலையில் நானே அவர் முன்னால் போய் நின்றேன். கையெழுத்துப் போட மனசில்லை என்று எப்படிச் சொல்ல?

"நான் போடலை," என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே. "முதல்ல அந்த அம்மாகிட்ட போவோம். நேத்தே போயிருக்கணும். உங்க சிட்டுவையும் கூட்டிட்டு வாங்க."

போகும் வழியில் ஒரு முக்காலியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போனார். அந்த அம்மாவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். அப்போது பார்த்தால் என் கையிலும் ஒரு முக்காலி. எப்போது எடுத்தேன்? கெட்ட செய்தியை நின்றுகொண்டு சொன்னால் அது அறிவிப்பு, உட்கார்ந்து சொன்னால்தான் பேச்சு — பெரிய மிஸ் எங்களை உட்கார வைத்தே பழக்கியது.

சிட்டுவே சொன்னாள். திக்கித் திக்கி, ஆனால் ஒன்றையும் விடாமல்.

அந்த அம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "நேத்து கேட்டேனே, ஏன் அடிக்கடி வந்து பாக்கறீங்கன்னு. சும்மான்னு சொன்னீங்களே." பிறகு குழந்தையைப் பார்த்தாள். "நான்தான் கட்டில் மாறினேன், போனுக்காக."

"நீங்க எங்க வேணா உக்காரலாம்மா," என்றார் சிஸ்டர். "பாத்துப் போட வேண்டியது எங்க வேலை."

"இந்தப் பொண்ணு என் பிள்ளையைத் தொடக் கூடாது."

"சரிம்மா."

வெளியே வந்ததும் கேட்டேன், "சிஸ்டர், நீங்க யார்கிட்ட படிச்சீங்க?"

"நீ படிச்சவங்ககிட்டதான். உனக்குப் பதினஞ்சு வருஷம் முன்னாடி." முதல் தடவையாக என்னை நீ என்றார். "பொம்மைக்குப் போர்வை போத்தச் சொன்னியாமே. பிள்ளைங்க சிரிச்சுச்சுங்க. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

மார்ச் 13, வியாழன்

குழந்தை நன்றாக இருக்கிறது. சாயங்காலம் அந்த அம்மா வராந்தாவில் சிட்டுவை நிறுத்தினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுக்கா."

அந்த அம்மா வார்டுப் பக்கம் இரண்டடி வைத்துத் திரும்பினாள். "நாளைக்கு மருந்து நீயே வந்து குடு. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். பாத்துக்கிட்டே இருப்பேன்."

மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. நானாக இருந்தால் இவ்வளவு தூரம்கூட வந்திருக்க மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

கையெழுத்துப் போட முடியாது என்று பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டேன். சிஸ்டரும் கூட வந்தார். "நீங்க இன்னும் நிரந்தரம் ஆகலை, ஞாபகம் இருக்கில்ல?" என்று பிரின்சிபால் கேட்டார். இருக்கிறது மேடம் என்றேன். சிட்டு ஒரு மாதம் யாராவது கூட நிற்காமல் மருந்து கொடுக்கக் கூடாது, அதோடு விடுவதாக முடிவு. கூட நிற்பது நான்.

பெரிய மிஸ் இருந்திருந்தால் இதைச் சத்தமே போடாமல் செய்திருப்பார். நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சிட்டு என்ற பெயர் போய் 'சாக்ஸ்' ஆகிவிட்டது. மாணவிகளைக் கண்டிக்கப் போனேன். அவள்தான் தடுத்தாள். "விடுங்க மிஸ். கூப்பிடறப்ப எல்லாம் எனக்குக் கால் ஞாபகம் வருது."

மே 20, செவ்வாய்

தப்பான அளவு சிரிஞ்சை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்ததை ஒருத்தி வந்து சொன்னாள். மருந்தை வேளை தவறிக் கொடுத்ததை இன்னொருத்தி. "யாரும் பாக்கலை மிஸ், ஆனா சொல்லிடறேன்." எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்புகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

மாதக் கூட்டம். எல்லா ஆசிரியைகளும் இருந்தார்கள். பிரின்சிபால் தாளைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க குரூப்ல இந்த மாசம் ஒன்பது தப்பு பதிவாகியிருக்கு. மத்த குரூப்ல ஒண்ணுகூட இல்லை. என்னதான் நடக்குது அங்க?"

"சொல்றாங்க மேடம்," என்றேன்.

அவர் என் தாளைக் கீழே வைத்தார். பிறகு, ஒன்றுமில்லை என்று எழுதியிருந்த மற்றவர்களின் தாள்களை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.