குளமா, எல்லையா

1957 மார்ச் 4, திங்கள்

தம்பி கிளெம் வக்கீலைப் பார்த்துவிட்டு உற்சாகமாக வந்தான். ஆற்றங்கரைப் புல்வெளி எங்களுக்கா, பக்கத்துப் பண்ணை ரோலண்ட் டிபிட்ஸுக்கா என்ற சண்டைக்கு இது மூன்றாம் வருடம். இந்த நிலத்தின் எல்லை ஆயிரம் வருடச் சாசனம் ஒன்றில் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறதாம். எந்தக் காலத்துப் பாதிரியாரோ அதைப் பிரதியெடுத்துப் பொருளும் எழுதியிருக்கிறார். 'மெரெ வழியாக', அதாவது குளத்தை ஒட்டி. குளம் புல்வெளிக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே புல்வெளி எங்களுடையது.

"நீ லத்தீன் டீச்சரா இருந்தவதானே, படிச்சுப் பாரு."

"இது லத்தீன் இல்ல, கிளெம்."

"எல்லாம் செத்த பாஷைதானே."

மார்ச் 9

நூலகத்திலிருந்து பழஞ்சொல் அகராதி வந்தது. சாசனத்தில் ஒரு வரி: 'இரு வீட்டுக்கும் உலர்புல் கெனோஹ்.' போதிய அளவு என்கிறார் பாதிரியார். அகராதியில் 'போதும்' என்றும் இருக்கிறது, 'ஏராளம்' என்றும் இருக்கிறது. ஒரே சொல்! எப்படி? அந்த மனிதர்களுக்கு இரண்டும் ஒன்றாகவா இருந்தது?

உருளைக்கிழங்கு தீய்ந்துவிட்டது.

மார்ச் 10

"குளம் என்னாச்சு?" என்றான் கிளெம். இன்னும் அந்தச் சொல்லுக்கே வரவில்லை என்றேன்.

மார்ச் 21

வூஸ்டர் ஆவணக் காப்பகத்துக்குப் பேருந்தில் போய்ச் சாசனத்தின் மூலத்தையே பார்த்தேன். பாதிரியார் ஒற்றை எழுத்தாக எழுதிய இடத்தில் இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது மெரெ இல்லை, மேரெ. குளம் இல்லை, எல்லை. அடுத்த வரி அந்த எல்லையை முள்வேலி என்கிறது. வேலி புல்வெளிக்கு இந்தப் பக்கம்.

புல்வெளி டிபிட்ஸுடையது.

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். என்ன பெண் நான்?

ஆவணக்காரர் லாக்கியர் எட்டிப் பார்த்தார். "நீங்களே கண்டுபிடிச்சீங்களா? பல்கலைக்கழகத்துல பழஞ்சொல் அகராதிக்கு ஆள் தேடுறாங்க. உங்க பேரைக் கொடுக்கட்டுமா?"

ஐம்பத்திரண்டு வயசு என்றேன். "சொல்லுக்கு ஆயிரம் வயசு, மேடம்" என்றார்.

மார்ச் 22

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

மார்ச் 24

சொல்லிவிட்டேன்.

"நீ எனக்கு அக்காவா, டிபிட்ஸுக்கு அக்காவா?"

"எழுத்து அப்படித்தான் இருக்கு."

"முப்பது வருஷமா என் வீட்டுல இருந்துக்கிட்டு—"

என் வீட்டுல. அப்பா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டு வந்தது யாரு? அவர் மூத்திரத் துணியை அலசினது யாரு? இவனுக்கு மூணு வேளை வடிச்சுக் கொட்டுறது யாரு? என் வீடாம்.

ஏப்ரல் 2

கிளெம் ரொட்டியைப் பார்த்தபடி பேசினான். "வக்கீலை நிறுத்தச் சொல்லிட்டேன். தெரிஞ்சுக்கிட்டே சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆனா உம்மேல கோபம் போகல."

போக வேண்டாம். என் தம்பி நல்லவன்.

ஏப்ரல் 14

மாதா கோயில் வாசலில் டிபிட்ஸ் தொப்பியைக் கழற்றினார். "மிஸ் பர்ஸ்லோ, பாதிப் புல்லை உங்க தம்பி அறுத்துக்கட்டும். சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்க."

"என்னைப் பார்த்தா நாயை அவுத்து விடுறாரே."

"அதுக்குப் பதினாலு வயசு. பல்லு கிடையாது."

மே 20

பல்கலைக்கழகக் கடிதம். அகராதி வேலைக்கு வரச் சொல்கிறார்கள். செப்டம்பர் வரை சோதனைக் காலம். கிளெம் இரண்டு தடவை படித்தான். "யாரு சமைப்பா?" என்றான். "நீ" என்றேன்.

ஜூலை 7

பல்கலைக்கழக ஊரில் என் மாடியறை. சன்னலுக்கு வெளியே புகைபோக்கிகள். மேசையில் அகராதிச் சொற்கள் எழுதிய சீட்டுகளின் பெட்டிகள். இந்த வாரம் முழுக்க ஒரே சொல்லோடு மல்லுக்கட்டினேன், இன்னும் பிடிபடவில்லை. பசியே தெரியவில்லை.

கிளெமிடமிருந்து நாலு வரிக் கடிதம். டிபிட்ஸும் அவனும் ஒரே நாளில் புல்லை அறுத்து முடித்தார்களாம். மழைக்கு முன் வண்டியேற்ற டிபிட்ஸின் மகள்களும் வந்தார்களாம். கடைசியில்: 'முட்டையை எவ்வளவு நேரம் வேக வைக்கணும்?'

நாலு நிமிடம், தண்ணீர் கொதித்த பிறகு என்று பதில் எழுதினேன். இரண்டாவது நாற்காலி ஒன்று வாங்கியிருக்கிறேன் என்றும் சேர்த்தேன்.