வளையல்மேல் போட்ட பழி

ஜூன் 5, புதன்
பள்ளி திறக்கப்போகிறது. இரும்புலியூர் ஷெட்டில் நான் ஓட்டும் ஸ்கூல் வேனுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தேன். வேனைவிட என் சட்டைதான் பளபளப்பு.
வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் ரேஷ்மா கையைச் சொறிந்துகொண்டே இருக்கிறாள். எட்டாம் மாதம். கண்ணாடி வளையல்தான் காரணம் என்று கண்டுபிடித்தேன். பத்தாவது பெயில் ஆனாலும் மூளை வேலை செய்கிறதே!

ஜூன் 7, வெள்ளி
வளையலைக் கழற்றச் சொன்னேன். என் வீட்டுக்காரி சாவித்ரி கரண்டியோடு வந்துவிட்டாள். "புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி வளைகாப்பு வளையலைக் கழட்டுவாங்களா? பெத்தவன் பேசற பேச்சா இது?"
சமாதானமாகி, வளையலுக்கு அடியில் தேங்காய் எண்ணெய் தடவினோம். வளையல் நன்றாக வழுக்குகிறது. அரிப்புதான் நகரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்
ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். டாக்டர் ப்ரியா வாயைத் திறக்குமுன், வளையல் அலர்ஜி என்று நானே தீர்ப்புச் சொன்னேன். அவர் ரேஷ்மாவிடம், "வேற எங்கம்மா அரிக்குது?" என்றார்.
"உள்ளங்கால்ல, மேடம். தூங்கவே முடியல."
"தடிப்பு ஒண்ணும் காணோமே. கால்லயும் வளையல் போட்டீங்களா, சார்?"
சாவித்ரி சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஈரலில் பித்தநீர் தேங்கினால் இப்படி அரிக்குமாம்; அபூர்வமாம். அது ரத்தத்தில் ரொம்ப ஏறினால் வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் துடிப்பு சொல்லாமல் நின்றுபோகலாமாம். அதற்கான டெஸ்ட் இங்கே கிடையாது. "ரத்தத்தை வெளிய அனுப்பறேன். ரிசல்ட் வரட்டும்னு உக்காந்திருக்க வேணாம், மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."
வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை அலமாரிக்குள் தள்ளினேன். இத்தனை நாளா எண்ணெய் தடவிகினு இருந்தேனே — இன்னா அப்பன்டா நீ?

ஜூன் 15, சனி
ரிசல்ட் வந்தது. டாக்டர் சொன்னதேதான். குறித்த தேதிவரை விடாமல், பெரிய ஆஸ்பத்திரியில் முன்னாடியே வலி வரவழைப்பார்களாம்.

ஜூன் 22, சனி
"புள்ள அசையுதா?" — சும்மா சும்மா கேட்கிறேனாம். ரேஷ்மா சொல்கிறாள்: "அப்பா, நீ கேக்கற கேள்விக்கு பயந்தே அது ஒளிஞ்சுக்குது." பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். அசைந்தது.

ஜூலை 2, செவ்வாய்
நாளை அட்மிஷன். சாவித்ரி எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டாள். எனக்கு யாரும் மிச்சமில்லை.

ஜூலை 5, வெள்ளி
பேத்தி! ரேஷ்மா அசந்து தூங்குகிறாள். இவளோ வார்டையே இரண்டாக்குகிறாள். எப்சி நர்ஸம்மா, "தாத்தா, கொஞ்சம் வராந்தாவுக்குத் தூக்கினு போங்க. மத்த குழந்தைங்கல்லாம் முழிச்சுக்குது, ஒரே பேஜாரா கீது" என்றார்.
தூக்கிக்கொண்டு நடந்தேன். கத்து, கண்ணு. இன்னும் சத்தமா கத்து.